ஆப்பிளை வைத்து ஒரு வாரம்: வீட்டிலேயே கற்கும் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு

"ஏ ஃபார் ஆப்பிள்" என்று ஒப்பிக்காத குழந்தை நம் ஊரில் இல்லை. அதே குழந்தையிடம் "ஆப்பிளுக்குள்ள எத்தனை விதை இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள், முழிக்கும். பெரும்பாலான வீடுகளில் தோல் சீவி, நடுப்பாகத்தை எடுத்துப் போட்டுவிட்டு, துண்டு போட்ட பிறகுதான் ஆப்பிள் பிள்ளையின் தட்டுக்கு வருகிறது. எழுத்து தெரியும், பழத்தைத் தெரியாது. வீட்டில் சொல்லித் தருபவர்களுக்கு இந்த வரிசையைத் திருப்பிப் போடும் வசதி இருக்கிறது. முதலில் பழம், கடைசியில் எழுத்து. இந்தக் கட்டுரை முழுக்க அந்த வரிசையில்தான் போகப் போகிறது.

பிள்ளையைப் ப்ளே ஸ்கூலுக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொள்ள நினைக்கும் பெற்றோருக்கு முதலில் வரும் பயம் சட்டம் பற்றியது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. அதற்கு முன்னால் எல்கேஜி, யூகேஜி போயே ஆகவேண்டும் என்று அந்தச் சட்டத்தில் கட்டாயம் இல்லை. அடுத்த கேள்வி, "எந்தப் புத்தகம் வாங்குவது?" இந்த வயதுக்குப் புத்தகத்தை விட ஒரு பொருள் போதும். ஒரே பொருளைச் சுற்றி ஒரு வாரம் ஓட்டுவது புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சுலபமான வழி. ஆப்பிள் எல்லா ஊரிலும் கிடைக்கும், பிள்ளையின் இரண்டு கைக்குள் அடங்கும், கீழே போட்டாலும் உடனே நசுங்கிவிடாது, கடைசியில் சாப்பிட்டும் விடலாம்.

கடையிலேயே பாடம் தொடங்குகிறது

ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை நல்ல காலம். இமாச்சல ஆப்பிள் முதலில் வரும், காஷ்மீர் ஆப்பிள் பின்னாலேயே வரும், விலையும் அப்போதுதான் இறங்கியிருக்கும். மற்ற மாதங்களில் குளிர்பதனக் கிடங்கில் இருந்ததும் வெளிநாட்டில் இருந்து வந்ததும் கிடைக்கும். பாடத்துக்கு எதுவானாலும் சரி.

பாக்கெட் போட்ட ஒரே மாதிரி ஆறு பழத்தை வாங்க வேண்டாம். உதிரியாக, வேறு வேறு வகையாக எடுங்கள். கரும்சிவப்பாக ஒன்று, சிவப்பும் மஞ்சளும் கோடு கோடாக ஓடும் காலா ஒன்று, பச்சையாகக் கிரானி ஸ்மித் ஒன்று, குட்டியாக ஒரு சிம்லா ஆப்பிள், கிடைத்தால் மஞ்சள் நிறத்தில் ஒன்று. பிள்ளையையே பொறுக்கச் சொல்லுங்கள். "பெருசா ஒண்ணு எடு, இதைவிடச் சின்னதா ஒண்ணு எடு" என்று சொன்னாலே ஒப்பிடுவது ஆரம்பித்துவிடும்.

காசு கொடுக்கும்போது கடைக்கார அண்ணனிடம் இரண்டு பொருள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று, பெட்டிக்குள் ஆப்பிள் அடுக்கி வரும் குழி குழியான அட்டைத் தட்டு. இன்னொன்று, பழத்துக்கு மாட்டியிருக்கும் வெள்ளை வலைச் சட்டை. இரண்டும் கடைக்குக் குப்பைதான், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். முந்நூறு, நானூறு ரூபாய்க்கு விற்கும் கணக்கு பொம்மைகள் செய்யும் வேலையை அந்த அட்டைத் தட்டு செய்யும். எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பழத்தின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் தூக்கிப் போடாதீர்கள். வெளிநாட்டு ஆப்பிளில் பெரும்பாலும் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். பில் போடுபவருக்கு வகையைச் சொல்வதற்கான எண் அது. பெரிய ஃப்யூஜிக்கு 4131, பெரிய கிரானி ஸ்மித்துக்கு 4017. எண் படிக்கப் பழகும் நாலரை வயசுப் பிள்ளைக்கு இது ஒரு துப்பறியும் வேலை. ஒரு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் அந்தப் பழத்தின் நிறத்தைக் கிரேயானில் தீட்டச் சொன்னால் வாரக் கடைசியில் பிள்ளையின் சொந்த ஆப்பிள் புத்தகம் ஒன்று உருவாகியிருக்கும்.

ஆரம்பிக்கும் முன் சில எச்சரிக்கைகள்

வேகவைக்காத ஆப்பிள் கெட்டியானது, வழுக்கும். நாலு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கட்டி கட்டியாக வெட்டிக் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்மையிலேயே உண்டு. துருவிக் கொடுங்கள், அல்லது தோல் சீவி மெலிதாகச் சீவல் போட்டுக் கொடுங்கள், அல்லது வேகவைத்துக் கொடுங்கள். உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். ஓடிக்கொண்டே, சிரித்துக்கொண்டே தின்பதற்கு இந்த வாரம் முழுக்கத் தடை.

விதையை மெல்ல விடாதீர்கள். அதில் அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது, மென்றால் அதிலிருந்து சயனைடு உண்டாகும். ஒன்றிரண்டு விதை முழுதாக உள்ளே போய்விட்டால் பதற வேண்டியதில்லை. அதைவிட நிஜமான தொல்லை, பிள்ளைகள் விதையை மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வது. விதை எண்ணும் விளையாட்டு நடக்கும்போது பக்கத்திலேயே இருங்கள், முடிந்ததும் டப்பாவில் போட்டு மூடுங்கள். கத்தி பெரியவர் கையில் மட்டும். பளபளப்புக்காக மெழுகு பூசியிருக்கலாம் என்பதால் வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். கழுவும் வேலையைப் பிள்ளையிடமே விட்டுவிடலாம், அரை மணி நேரம் சந்தோஷமாகப் போகும்.

முதல் நாள் வெட்ட வேண்டாம்

முழு ஆப்பிளைத் தரையில் வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்காருங்கள். "இது என்ன கலர்?" என்று ஆரம்பிக்காதீர்கள். அதற்கு ஒரே பதில்தான், அது பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். "உருட்டினா நேரா போகுமா?" என்று கேளுங்கள். பக்கத்தில் ஒரு பந்தையும் வையுங்கள். பந்து நேராகப் போகும், ஆப்பிள் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளைந்து போகும். ஏன் என்று நீங்கள் விளக்க வேண்டாம். பிள்ளை தானே பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும், அப்போது மேலே காம்பும் குழியும் கண்ணில் படும்.

கீழ்ப்பக்கத்தைக் காட்ட மறந்துவிடாதீர்கள். அங்கே காய்ந்த சருகு மாதிரிச் சின்னதாக ஏதோ சுருண்டிருக்கும். பூ இருந்த இடம் அது. பூவின் இதழ்கள் உதிர்ந்து, மிச்சம் அங்கேயே காய்ந்து நிற்கிறது. "பூவுக்கு அடியில்தான் பழம் வளர்ந்துச்சு" என்ற ஒரு வரி போதும். வீட்டில் கொய்யா இருந்தால் அதன் அடிப்பக்கத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், அதே சருகு அங்கேயும் இருக்கும். மாதுளையில் அது கிரீடமாகவே நிற்கும். இந்த மூன்றையும் ஒருமுறை பார்த்துவிட்ட பிள்ளை அதன் பிறகு கத்தரிக்காய், புடலங்காய் என்று எதைக் கண்டாலும் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கும்.

அப்புறம் கண்ணைக் கட்டிவிட்டு முகரவும் தொடவும் விடுங்கள். ஆப்பிள், எலுமிச்சை, உருளைக்கிழங்கு, தக்காளி என நான்கு போதும். தமிழில் இதற்கென்றே எவ்வளவு சொற்கள் இருக்கின்றன! வழவழ, சொரசொர, கொழகொழ, மெத்துமெத்து. நாம் சொல்லிக்கொண்டே இருந்தால் பிள்ளை பிடித்துக்கொள்ளும். இந்த வயதில் சேர்க்க வேண்டிய சொத்து இப்படிப்பட்ட பேச்சுதான், எழுத்து அவசரமில்லை.

முதல் நாளை வாளித் தண்ணீரில் முடியுங்கள். மிதக்குமா, மூழ்குமா என்ற ஆட்டம். போடுவதற்கு முன்னால் ஊகம் கேட்பதுதான் இதில் முக்கியம். "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டு, அது சொன்னதைத் திருத்தாமல் போட்டுப் பார்க்க வேண்டும். ஆப்பிள் கனமாக இருந்தாலும் மிதக்கும், ஏனென்றால் அதன் பருமனில் ஏறத்தாழ கால் பங்கு காற்று. அதைவிடச் சின்ன உருளைக்கிழங்கு நேரே அடிக்குப் போகும். திராட்சை அத்தனை குட்டியாக இருந்தும் மூழ்கும். "பெருசுதான் மூழ்கும்" என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளையின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். ஆரஞ்சு இருந்தால் தோலோடு ஒருமுறையும் உரித்து ஒருமுறையும் போடுங்கள். தோலோடு மிதப்பது உரித்தால் பெரும்பாலும் மூழ்கிவிடும், தோலுக்குள் இருக்கும் காற்று போய்விடுவதால். குளிக்கும் நேரத்தில் இதை வைத்துக்கொண்டால் தரை துடைக்கும் வேலை மிச்சம்.

குறுக்கே வெட்டினால் நட்சத்திரம்

ஆப்பிளை எல்லாரும் காம்பிலிருந்து நெடுக்காகத்தான் வெட்டுவோம். இரண்டாம் நாள் ஒன்றை நெடுக்காகவும் இன்னொன்றைப் பழத்தின் இடுப்பில் குறுக்காகவும் வெட்டுங்கள். வெட்டியதும் திறக்காமல் மூடியே பிள்ளையிடம் கொடுங்கள். என் மகள் அதை டப்பா மூடியைத் திறப்பதுபோல் மெதுவாகத் தூக்கிப் பார்த்தாள். "அம்மா, உள்ள ஸ்டார் இருக்கு! யாரு வெச்சா?" என்றாள். அன்றைக்கு அப்பா, பால்காரர், பக்கத்து வீட்டு ஆச்சி என்று வந்தவர்கள் எல்லாரும் அந்த நட்சத்திரத்தைப் பார்த்தாக வேண்டியிருந்தது.

அந்த ஐந்து முனையும் ஐந்து விதை அறைகள். ஓர் அறைக்குப் பெரும்பாலும் இரண்டு விதை. ஆக, பத்து விதை வரை சாதாரணமாக இருக்கலாம். சில அறை காலியாக இருக்கும், சிலவற்றில் விதை சப்பையாக இருக்கும். வெட்டும் முன்னால் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் ஓர் எண் சொல்லட்டும், பிறகு பிள்ளையே கூர்முனை இல்லாத குச்சியால் விதைகளைத் தள்ளி எண்ணட்டும். யார் சொன்னது நெருக்கம் என்று பார்ப்பதில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் நல்ல போட்டி நடக்கும்.

அதே வேகத்தில் ஒரு வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிக் காட்டுங்கள். அதிலும் ஐந்து அறை இருக்கும். இப்போது அச்சுப் பதிக்கும் வேலைக்கு இரண்டு அச்சு தயார். ஆப்பிள் பாதியைத் துணியால் ஒற்றி ஈரம் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வண்ணம் ஒட்டாமல் வழுக்கும். தட்டில் ஒரு ஸ்பாஞ்சு வைத்து, தண்ணீர் கலக்காத போஸ்டர் கலரை அதில் ஊற்றி, ஸ்டாம்ப் பேடு மாதிரிப் பயன்படுத்துங்கள். பிடித்துக்கொள்ள ஆப்பிளின் முதுகில் ஒரு முள்கரண்டியைக் குத்திக் கொடுத்தால் சின்னக் கைக்கு வாகாக இருக்கும். பெரிய ஆப்பிள், குட்டி வெண்டைக்காய், பெரிய ஆப்பிள், குட்டி வெண்டைக்காய் என்று மாற்றி மாற்றிப் பதிக்கச் சொல்லுங்கள். அடுத்து எது வரும் என்று பிள்ளை சொல்லிவிட்டால், வரிசை ஒழுங்கைப் புரிந்துகொண்டது என்று அர்த்தம். நம் வாசல் கோலத்தில் இருப்பதும் அதே கணக்குதான்.

இணையத்தில் ஆப்பிள் படம் அச்சடித்த வண்ணம் தீட்டும் தாள்கள் ஏராளமாகக் கிடைக்கும். எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. அவுட்லைனுக்குள் சிவப்பு அடித்துத் தள்ளும்போது பிள்ளை பழத்தைப் பார்ப்பதே இல்லை. நிஜ ஆப்பிளை எதிரில் வைத்து வெள்ளைத் தாளைக் கொடுங்கள். வட்டம் கோணலாகத்தான் வரும். ஆனால் சிவப்புக்கு நடுவில் மஞ்சள் கோடு, ஒரு பக்கம் கருப்புப் புள்ளி, காம்பின் பழுப்பு எல்லாம் அந்தக் கோணல் வட்டத்துக்குள் வந்து சேரும். மூன்று வயதில் வரைந்ததைத் தேதி போட்டு எடுத்து வையுங்கள்.

துண்டு ஏன் கறுத்துப் போகிறது?

வாரம் முழுவதிலும் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நான்கு தட்டு, நான்கு துண்டு. முதல் துண்டை அப்படியே வையுங்கள். இரண்டாவதன் மேல் எலுமிச்சைச் சாறு தடவுங்கள். மூன்றாவது உப்புத் தண்ணீரில். நான்காவது வெறும் தண்ணீரில் முங்கியிருக்கட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் எதைச் சேர்த்தோமோ அதையே கொஞ்சம் வையுங்கள்: எலுமிச்சை மூடி ஒன்று, உப்பு ஒரு சிட்டிகை, ஒரு குட்டி டம்ளர் தண்ணீர். படிக்கத் தெரியாத பிள்ளைக்கு அதுதான் பெயர்ப்பலகை.

வைத்தவுடன் ஒருமுறை, அரை மணி கழித்து ஒருமுறை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன வட்டத்துக்குள் அந்தத் துண்டின் நிறத்தைத் தீட்டச் சொல்லுங்கள். வெள்ளை, வெளிர் மஞ்சள், பழுப்பு என்று வட்டங்கள் மாறிக்கொண்டே போகும். சும்மா வைத்த துண்டுதான் முதலில் கறுக்கும். எலுமிச்சை தடவியது வெகுநேரம் வெளுப்பாகவே இருக்கும்.

காரணம் பெற்றோர் தெரிந்துகொள்வதற்கு: வெட்டும்போது பழத்தின் செல்கள் உடைகின்றன, உள்ளே தனித்தனியாக இருந்த ஃபீனால் பொருள்களும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியும் கலக்கின்றன, காற்றில் இருக்கும் ஆக்சிஜன் சேர்ந்ததும் பழுப்பு நிறம் உண்டாகிறது. எலுமிச்சையின் புளிப்பு அந்த நொதியை மந்தமாக்கும், அதில் உள்ள வைட்டமின் சி பழுப்பு ஏறுவதைத் தள்ளிப்போடும். தண்ணீர் காற்றைத் தடுக்கிறது. பிள்ளைக்கு இவ்வளவும் வேண்டாம். "காத்து பட்டா கறுக்குது, எலுமிச்சை காவல் காக்குது" என்றால் போதும்.

இதோடு நிறுத்தாமல் அப்படியே அடுப்படிக்கு அழைத்துப் போங்கள். வாழைக்காயையும் கத்தரிக்காயையும் நறுக்கி நாம் ஏன் தண்ணீரில் போடுகிறோம்? வாழைப்பூவை ஏன் மோர்த் தண்ணீரில் போடுகிறோம்? அதே காரணம்தான். பாட்டி பக்கத்தில் இருந்தால் கேள்வியை அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். தினமும் பார்க்கும் ஒரு வேலைக்குள் காலையில் செய்த சோதனை ஒளிந்திருப்பது தெரிந்தால் பிள்ளைக்கு வரும் சந்தோஷமே தனி.

எண்ணும் அளவும்

இப்போது அந்த அட்டைத் தட்டு. ஒரு குழிக்கு ஒரு எலுமிச்சை, அல்லது ஒரு குழிக்கு ஒரு காகித உருண்டை என்று வைக்கச் சொல்லுங்கள். மூன்று வயதுப் பிள்ளை "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று வேகமாகச் சொல்லும், விரல் மட்டும் பின்தங்கியிருக்கும். பொருளுக்கு ஒரு எண் என்று ஒட்டவைப்பதுதான் இந்த வயதின் கணக்கு. குழி அதை அழகாகப் பழக்கிவிடும், ஏனென்றால் விட்டுப்போன இடம் காலியாகக் கண்ணுக்குத் தெரியும். மூன்று வயதுக்கு ஐந்து வரை போதும்.

ஐந்தை எட்டும் பிள்ளைக்கு அந்தப் பத்து விதைகளையே கொடுங்கள். இரண்டு கிண்ணம் வைத்து "எப்படியெல்லாம் பிரிக்கலாம்?" என்று கேளுங்கள். அஞ்சு அஞ்சு, ஆறு நாலு, ஏழு மூணு. கூட்டல் என்ற பேச்சே எடுக்காமல் கூட்டல் நடந்துகொண்டிருக்கும்.

ஆப்பிளைப் பாதியாக, கால்வாசியாக வெட்டி நாலு பேருக்குப் பங்கு போடச் சொல்வது, ஐந்து பழத்தையும் சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசையாக வைப்பது, துணி மாட்டும் ஹேங்கரின் இரண்டு முனையிலும் ஒரே அளவுத் துணிப்பை மாட்டித் தராசு செய்வது, இவை எல்லாம் சொல்லாமலே உங்களுக்குத் தோன்றிவிடும். இன்னொன்று அவ்வளவு எளிதாகத் தோன்றாது: நூல் ஊகம். ஆப்பிளின் இடுப்பைச் சுற்றி வர எவ்வளவு நூல் வேண்டும் என்று பார்த்தே சொல்லி, பிள்ளை நூலை வெட்ட வேண்டும். முதல் தடவையே சரியாக வருவது கஷ்டம், பெரியவர்களுக்கும் அப்படித்தான். பிறகு சரியான நீளத்தில் வெட்டிப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

சமைக்கலாம், ருசி பார்க்கலாம்

மூன்று வகை ஆப்பிளை மெல்லிய சீவலாக்கித் தனித்தனித் தட்டில் வையுங்கள். வீட்டில் எல்லாரும் ருசி பார்த்து, பிடித்த தட்டுக்கு முன்னால் ஒரு பட்டாணி வைக்க வேண்டும். எந்தத் தட்டுக்கு நிறையப் பட்டாணி? பட்டாணிகளை மூன்று நேர் வரிசையாக அடுக்கிவிட்டால் அதுவே வரைபடம். பச்சை ஆப்பிளுக்கு முகம் சுளிக்கும் பிள்ளைக்கு "புளிக்குது" என்ற சொல்லோடு துவர்ப்பையும் அறிமுகம் செய்யலாம், தோலை மட்டும் மென்று பார்த்தால் தெரியும்.

சமையலுக்கு ஆப்பிள் மசியல் போதும். தோல் சீவிய இரண்டு ஆப்பிளை நடுப்பாகம் நீக்கித் துண்டு போட்டு, கிண்ணத்தில் வைத்து இட்லிப் பானையில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். நன்றாக ஆறிய பிறகு பிள்ளையிடம் கொடுத்து மத்தால் மசிக்கச் சொல்லுங்கள். ஏலக்காய்ப் பொடி ஒரு சிட்டிகை. பழத்தில் இனிப்பு இருப்பதால் சர்க்கரை வேண்டாம். சப்பாத்தியோடும் தயிரோடும் நன்றாக இருக்கும். மொறுமொறுவென்று இருந்தது எப்படிக் கொழகொழவென்று ஆனது என்று கேட்டு, வேகாத துண்டு ஒன்றையும் பக்கத்தில் வைத்துத் தொட்டுப் பார்க்க விடுங்கள்.

பழக்கடை விளையாட்டும் ஆப்பிள் வந்த வழியும்

அட்டைப்பெட்டி, தட்டு, வலைச் சட்டை, ஹேங்கர் தராசு எல்லாம் சேர்ந்தால் கடை தயார். முதலில் பிள்ளை கடைக்காரர், நீங்கள் வாங்க வந்தவர். "என்னங்க, ஆப்பிள் என்ன விலை? கொஞ்சம் குறைச்சுக் குடுக்கக் கூடாதா?" என்று பேரம் பேசுங்கள். வெட்கப்படும் பிள்ளைகள்கூட இந்த விளையாட்டில் முழு வாக்கியமாகப் பேசும். யாரிடம் எப்படிப் பேசுவது, 'ங்க' எங்கே போடுவது என்பதெல்லாம் இப்படித்தான் வரும். சொல்லிக் கொடுத்து வராது.

கடைக்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது? சுவரில் இந்திய வரைபடம் இருந்தால் சிம்லாவையும் உங்கள் ஊரையும் காட்டி நடுவில் விரலை ஓட்டுங்கள். சிம்லாவிலிருந்து சென்னைக்குச் சாலை வழியாக இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். லாரி எத்தனை ராத்திரி ஓட வேண்டும்! ஆப்பிள் மரத்துக்குக் குளிர்காலம் வேண்டும். பல வாரம் நல்ல குளிரில் உறங்கி எழுந்தால்தான் அது ஒழுங்காகப் பூக்கும், அதனால்தான் நம் சமவெளியில் மாமரம்போல வீட்டுக்கு வீடு ஆப்பிள் மரம் இல்லை. கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் ஒரு கதையும் சொல்லலாம். சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் 1904-இல் இந்தியா வந்தார். சிம்லாவுக்கு அப்பால் கோட்கர் என்ற மலைப்பகுதியில் தங்கினார். 1910-களில் அமெரிக்காவிலிருந்து ஆப்பிள் கன்றுகளை வரவழைத்து அங்கே நட்டார், ஊர்க்காரர்களுக்கும் கொடுத்தார். இன்றைக்கு அந்த மலைப்பகுதி முழுக்க ஆப்பிள் தோட்டம்தான்.

கடைசியில் எழுத்து

பழத்தைப் பார்த்து, மிதக்கவிட்டு, வெட்டி, வேகவைத்து, விற்று முடித்த பிறகு எழுத்து வரட்டும். தட்டில் ரவையைப் பரப்பி அதில் விரலால் 'ஆ' எழுதிக் காட்டுங்கள். எழுதும் முன் ஒலியை விளையாடுங்கள். ஆடு, ஆமை, ஆலமரம், ஆப்பிள் என்று நீங்கள் அடுக்க, நடுவில் "பூனை" என்று ஒன்றை நுழைத்தால் பிள்ளை "இல்ல இல்ல!" என்று கத்த வேண்டும். ஒலியைப் பிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்து தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஆங்கில 'ஏ' எழுத்தையும் அடுத்த நாள் அதே ரவையில் எழுதலாம். நாலு வயதுக்குள் பென்சிலை அழுத்திப் பிடித்து வரி வரியாக எழுத வைப்பதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. அந்தக் கை மாவு பிசையட்டும், மத்தால் மசிக்கட்டும், குச்சியால் விதை தள்ளட்டும். பென்சில் பிடிக்க வேண்டிய பலம் அதிலிருந்துதான் வரும்.

விதை முளைக்குமா?

கட்டாயம் கேட்கும். முளைக்கும், ஆனால் பொறுமை வேண்டும். ஈரமான டிஷ்யூ தாளில் விதைகளைச் சுற்றி, டப்பாவில் மூடி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு மூன்று மாதம் வைக்க வேண்டும். குளிர்காலம் முடிந்துவிட்டது என்று விதை நம்பினால்தான் கண் திறக்கும். வாரம் ஒருமுறை ஈரம் காயாமல், பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா விதையும் முளைக்காது. அப்படி முளைக்கும் செடி நம் ஊர் வெயிலில் காய்ப்பது சந்தேகம், காய்த்தாலும் தாய்ப் பழத்தின் ருசி வராது. தோட்டங்களில் ஒட்டுக்கட்டித்தான் வளர்க்கிறார்கள்.

மூன்று மாதம் என்பது இந்த வயதுக்கு யுகம். அதனால் அன்றைக்கே ஒரு கிண்ணத்தில் பச்சைப்பயறும் வெந்தயமும் ஊறப் போடுங்கள். ஓரிரு நாளில் பயறு முளை விடும். "இது சீக்கிரம், அது மெதுவா" என்று பிள்ளை இரண்டையும் பார்த்துப் பேசும்.

எவ்வளவு நேரம், எத்தனை நாள்?

மூன்று வயதுக்கு ஒரு வேளைக்குப் பத்து நிமிடம், ஐந்து வயதுக்கு இருபது. அதற்கு மேல் பிள்ளை கேட்டால் தொடருங்கள், எழுந்து போனால் விடுங்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் முடிக்க வேண்டியதில்லை. மிதப்பு ஆட்டத்தையே நான்கு நாள் கேட்கும் பிள்ளைக்கு நான்கு நாளும் அதுதான் பாடம். இரண்டு பிள்ளைகள் இருந்தால் பெரியவனிடம் எண்ணிக்கையையும் சின்னவளிடம் கழுவும், மசிக்கும் வேலையையும் கொடுங்கள்.

உறவினர் வந்தால் "ஆப்பிள் பத்திச் சொல்லிக் காட்டு கண்ணு" என்று கூப்பிட்டு நிறுத்தாதீர்கள். பிள்ளை கற்றதா என்று தெரிய வேண்டுமானால் அது தனியாக விளையாடும்போது காது கொடுங்கள். பொம்மைக்குச் சீவல் ஊட்டிக்கொண்டே "உக்காந்து சாப்பிடு, தொண்டையில மாட்டிக்கும்" என்று சொல்லும். கேட்டதை நோட்டில் குறித்து வையுங்கள், அதுவே உங்கள் முன்னேற்ற அறிக்கை.

ஆப்பிள் அலுத்ததும் அடுத்த பழத்துக்குப் போகலாம். அதே காலத்தில் சீத்தாப்பழம் வரும். விதை பெரியது, எண்ண வாகானது, ஆனால் பிள்ளை அதை மெல்லாமலும் அது கண்ணுக்குள் போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும், அந்த விதை கண்ணை உறுத்தும். மாதுளை எடுத்தால் பழைய துணி போட்டுவிட்டு ஆரம்பியுங்கள், கறை போகாது. முதல் நாள் வெட்டாமல் பார்ப்பது, அடுத்த நாள் குறுக்கே வெட்டுவது, எழுத்தைக் கடைசியில் வைப்பது என்ற முறை எல்லாப் பழத்துக்கும் ஒன்றுதான்.